ஷ்யாமளா வாய் திறக்காத நாள்

அமெரிக்காவில் ஆலன் என்ற ஊரில் வசிக்கும் ஷ்யாமளாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. டாலஸ் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பதினொரு வருடமாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர். டாக்டர் சொல்வதை நோயாளிக்கும், நோயாளி சொல்வதை டாக்டருக்கும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். சொந்தமாக ஒரு வார்த்தை சேர்க்கக் கூடாது என்பது விதி. அவள் மீறியதே இல்லை.

போன வருடம் மார்ச்சில் பிச்சுமணி என்பவரை அவர் மகன் மாதவ் ஞாபகப் பரிசோதனைக்கு அழைத்து வந்தான். எழுபத்தெட்டு வயது. மாயவரத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர். மனைவி இறந்தபின் மகனிடம் வந்துவிட்டார். இரண்டு தடவை அடுப்பை அணைக்க மறந்திருந்தார்.

தேதி, கிழமை சரியாகத்தான் சொன்னார். பிறகு டாக்டர் பழைய ஆங்கிலப் பழமொழிகளை வாசித்து அர்த்தம் கேட்டார். முதலாவது, உருளும் கல்லில் பாசி பிடிக்காது என்பது; ஓரிடத்தில் நிலைக்காதவனைக் குறித்தது. ஷ்யாமளா சொல்லுக்குச் சொல் தமிழாக்கினாள். தமிழில் அது பழமொழியாகவே இல்லை என்பது சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது.

“கொளத்துப் படிக்கல்லாம்மா? அது வழுக்கும். பாத்துதான் கால் வைக்கணும்,” என்றார் பிச்சுமணி.

அடுத்தது, கண்ணாடி வீட்டில் இருப்பவர் கல்லெறியக் கூடாது என்பது.

“இந்த ஊர் வெயிலுக்கு அது சரிப்படாது. உள்ளயே வெந்துடுவோம்.”

டாக்டர் இரண்டுக்கும் பூஜ்யம் போட்டார். உள்ளர்த்தம் பிடிபடவில்லை என்று எழுதினார். ஷ்யாமளா பேசாமல் இருந்தாள்.

ஆறு வாரத்தில் மாதவ் அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தான். அங்கே தமிழ் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அக்டோபரில் நிமோனியாவோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது ஷ்யாமளாவைக் கூப்பிட்டார்கள். எதைக் கேட்டாலும் அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே மாதவ் சொன்னான்: “டெஸ்ட்ல ஸ்கோர் ரொம்ப லோவா வந்துது ஆன்ட்டி. இல்லேன்னா அப்பாவ அங்க விட்டிருக்கவே மாட்டேன்.”

“அந்தப் பழமொழியெல்லாம் தமிழ்ல அர்த்தமே ஆகலை மாதவ். எனக்கு அன்னிக்கே தெரியும்.”

மாதவ் அவளைத் திரும்பிப் பார்த்தான். “அப்ப ஏன் சொல்லலை?”

விதியைச் சொல்லலாம். அதைச் சொல்லாமல் உள்ளே போய் பிச்சுமணியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான்காம் நாள் பிச்சுமணி இறந்துபோனார்.

ஜனவரியில் தனபாக்கியம் என்ற அம்மாளிடம் டாக்டர் அதே பழமொழிக் கேள்வியை எடுத்தார். “இதைத் தமிழில் கேட்டால் கேள்வியே வேறாகிவிடும்,” என்று ஷ்யாமளா ஆங்கிலத்தில் சொன்னாள். டாக்டர் எரிச்சலோடு பக்கத்தைப் புரட்டினார். மறுவாரம், விதியை மீறிச் சொந்தமாகப் பேசியதற்காக ஆஸ்பத்திரி நிர்வாகத்திடமிருந்து அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.