மட்டைக்குப் பின்னால் இருந்த முகம்

போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் ஒரு முகத்தைப் பார்த்த அதிர்ச்சியில், குடித்துக்கொண்டிருந்த பிளேன்டியை மடியில் ஊற்றிக்கொண்டேன். சூடே தெரியவில்லை என்றால் நம்புவீர்களா? பிறகு தெரிந்தது. இரண்டு நாள் சாரத்தை அகட்டிப் பிடித்தபடி மாத்தளைப் பக்கம் பலாபத்வலையில் என் கடையைத் திறந்தேன். கேட்டவர்களிடம் மூட்டுவலி என்றேன்.

முகம் ஒரு நடிகனுடையது. படம், எகிப்து ராஜாவிடம் அடிமைப்பட்டுக் கிடந்த சனங்களை மீட்டுக்கொண்டு போன தீர்க்கதரிசியின் கதை. சின்ன வயதில் தேயிலைத் தோட்டத்தில் முழுதாகப் பார்த்த படம்தான். கதாநாயகனின் முகத்தை மட்டும் பார்த்ததில்லை.

அதைச் சொல்ல ஈரக் கம்பளி வாடையிலிருந்து தொடங்க வேண்டும். மழைக்குக் கொழுந்துக்காரப் பெண்கள் போர்த்தும் கம்பளிகளைப் பிள்ளைக்காம்பராவின் ஜன்னல்களில் தொங்கவிட்டுத்தான் பகலை இருட்டாக்கினோம். தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அறை அது. அன்றைக்கு அதுதான் தியேட்டர். இன்றும் கம்பளி நாறாத தியேட்டரில் எனக்குப் படம் பார்த்த மாதிரியே இருக்காது.

மாரியம்மன் திருவிழாவுக்காகப் படம். தெரிவு செய்தவர் தோட்டத்து வேதக்காரர்களின் உபதேசியார். இங்கிலீஸ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். டிவியும் வீடியோ டெக்கும் கேசட்டும் வாடகைக்குக் கொண்டுவந்தவர் ரவூப் நானா. அம்மனுக்கு விழா, வேதக்காரர் படம், நானாவின் டெக். எவ்வளவு அழகான ஒற்றுமை பாருங்கள். பத்து நிமிடத்தில் அடிதடி வரப் பார்த்தது.

கதாநாயகன் வந்ததுதான் தாமதம், நானா பாய்ந்து போய் ஒரு பிஸ்கட் பெட்டி மட்டையால் அவன் தலையை மறைத்தார்.

"நபிமார்ட மொகத்தக் காட்டேலா. பாவம்."

"அப்ப ஏன் நானா கொண்டாந்தீங்க?"

"பேரு இங்கிலீஸ்ல ஈந்திச்சு மன். எனக்கென்ன தெரியும், இவர்ட கதயெண்டு?"

படம் அவருக்கும் புதிது. யார் எப்போது வருவார்கள் என்று தெரியாததால், பாதுகாப்புக்குத் தாடி வைத்த எல்லோரையும் மறைத்தார். ஒரு வெள்ளாடும் மறைந்தது. பின்வரிசையிலிருந்து, "நானா, மட்டைக்கும் சேத்தா வாடகை?" என்றார்கள்.

உபதேசியாருக்குக் கோபம். "அவன் நடிகன் நானா. சம்பளத்துக்கு நடிக்கிறான்."

"அதத்தான் ஐயா நானும் சொல்றன். நாளக்கி நபிய நெனச்சுக் கண்ண மூடினா அந்தச் சம்பளக்காரன்தானே வருவான்?" வியர்த்து வழிந்தது மனிதருக்கு. ஒரு கை வலித்தால் மறு கைக்கு மாற்றினார். மட்டை மட்டும் இறங்கவில்லை.

சிலர் எழுந்துவிட்டார்கள். அப்போது என் அக்கா வசந்தா சத்தம் போட்டாள். "மறைச்சா மறைக்கட்டும், படத்தப் போடுங்க! காலும் கோலும் தெரியுதுல்ல, போதும்."

அவளுக்குப் போதும்தான். நான் தொட்டிலில் கிடந்த காலத்தில் அப்பா ஏ-ஒன்பது வீதியோடு வடக்கே போனார். வன்னியில் காடு வெட்டினால் காணி கிடைக்கிறதாம், குடிசை போட்டதும் வந்து எல்லோரையும் கூட்டிப்போவாராம். பிறகு சண்டை வந்தது, பாதையை மூடினார்கள், அப்பா வரவில்லை. அவரைப் பிடித்த ஃபோட்டோ ஒன்றும் இல்லை. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அடையாள அட்டை கிடையாது, அடையாள அட்டை இல்லாதவர் எதற்குப் படம் பிடிக்க வேண்டும்? அரசாங்கமே இல்லையென்று சொன்ன ஆள். அவர் முகம் அக்காவிடம் மட்டும்தான் இருந்தது.

மட்டைக்குப் பின்னால் ஆளுக்கொரு முகத்தை வைத்துப் பார்த்தார்கள். நான் என்னையே வைத்துக்கொண்டேன். மூக்கு ஒழுக ஒழுகக் கடலைப் பிளந்தேன். படம் முடிந்ததும் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அந்த நடையப் பாத்தியா? அப்பாதான்டா."

அன்றிலிருந்து அப்பாவைப் பற்றிக் கேட்டால் படத்திலிருந்துதான் தொடங்குவாள். "கடல் பொளந்துச்சில்ல, அப்ப மட்டைக்குப் பின்னால எப்படிச் சிரிச்சிருப்பாரு தெரியுமா?" நெற்றி எவ்வளவு அகலம், சிரித்தால் எந்தக் கண் சிறுக்கும், எல்லாம் சொல்வாள். பள்ளியில் வரலாற்று மாஸ்டர், இதே மாத்தளையில் சனங்கள் வெள்ளைக்காரனை எதிர்த்துக் கிளம்பியதைப் படிப்பித்தபோதும் என் கண்ணில் அவர்களுக்கு முன்னால் நடந்தவர் அப்பாதான். அதைப் பரீட்சையில் எழுதாமல் விட்டது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

இப்போது ஃபோனில் மட்டை இல்லை. அந்த முகம், தொழிற்சாலை ஆபீஸ் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த எங்கள் பழைய வெள்ளைக்காரத் துரையின் முகம்! அதே நீலக்கண். அதே செம்பட்டை மீசை. சனங்களைக் காலைப் பிரட்டுக்கு வரிசையில் நிறுத்தி எண்ணுகிற அதே பார்வை. விரட்டி வருகிற ராஜா மட்டும் நம் நிறம்.

இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற வாயா எனக்கு? த்ரீவீல் பிடித்துப் பல்லேபொலைக்கு ஓடினேன். அக்கா முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குத்தான் மட்டைய எடுத்திருக்காங்க. பாரு."

பார்த்தாள். "அட பாவி, நம்ம தொரடா! இவனா நம்மளக் கூட்டிட்டுப் போனான்?" விழுந்து விழுந்து சிரித்தோம். "இன்னொருக்கா போடு" என்றாள். போட்டேன். இன்னும் ஒருமுறை போடச் சொன்னாள். அந்தமுறை சிரிக்கவில்லை. திரும்பிப்போய் மிளகைத் துழாவினாள்.

நானா மௌத்தாகிவிட்டார். உபதேசியார் குடும்பம் இந்தியாவுக்குப் போய்விட்டது. பிள்ளைக்காம்பராவுக்குக் கூரை இல்லை. இதெல்லாம் போனது எனக்கு ஏற்கெனவே தெரியும்.

மறுநாள் காலையில் அக்கா எனக்கு ஃபோன் எடுத்தாள்.

"தம்பி, அப்பாவுக்கு மீசை இருந்துச்சா?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"விடிஞ்சதுல இருந்து யோசிக்கிறேன்டா, கண்ண மூடினா அந்தத் தொரதான் வர்றான். இருந்துச்சா, இல்லையா? நீ சொல்லு."

என்னத்தைச் சொல்ல? எனக்குத் தெரிந்த அப்பாவின் முகம் முழுவதும் அவள் சொல்லிக் கேட்டது. அதில் மீசையைப் பற்றி அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.