ஹோலுக்குள் உப்புத் தண்ணீர்

இன்று அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால், உம்மா முன்னறை ஹோலின் நடுவில் அசையாமல் நிற்கிறார். தரையெல்லாம் தண்ணீர்.

குனிந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் வெளிறிப் போனது.

“உப்பு, மகன். கடல் வந்திட்டு. புள்ளையத் தூக்குங்க.”

அது என் கடல்மீன் தொட்டித் தண்ணீர். மோட்டர் ஏற்றும் தண்ணீர் மேலே நிறைந்தால் அதை வடிகட்டிக்கு அனுப்பும் பெட்டி காலையிலேயே கசிந்தது. பிறகு பார்ப்போம் என்று விட்டதும் நான்தான்.

எல்லாம் தெரிந்தும், மகளைத் தூக்கிக்கொண்டு உம்மாவோடு மாடிக்கு ஓடினேன். சுனாமியன்று எனக்கு ஒன்பது வயது. கால்கள் என்னைக் கேட்டு ஓடவில்லை.

நாங்கள் ஓடுவதைக் கண்டு பக்கத்து வீட்டு ராத்தா ஓடிவந்தார். அவரைக் கண்டு பின்வீட்டார். இப்போது எங்கள் மாடியில் பதினான்கு பேர் கடலையே பார்த்தபடி நிற்கிறார்கள்.

“தண்ணி எதுவரைக்கும் வந்திட்டு தம்பி?” என்கிறார் ராத்தா.

“ஹோல் வரைக்கும்” என்றேன். பொய்யில்லை.

கடல் அமைதியாகத்தான் கிடக்கிறது. உண்மையைச் சொல்லிவிட்டு இறங்கலாம். ஆனால் முதல் ஆளாக இறங்க எனக்கே பயமாக இருக்கிறது.

கீழே தெருவில் நிற்கும் யாராவது போய்த் தொட்டி மோட்டரை நிறுத்திவிட்டு, இந்தப் பதிவில் ஒரு கமெண்ட் போடுங்கள்.