எங்கள் பிக்கப் குடிக்கலாமா?

மலேசியாவில் பிக்கப் என்றாலே டீசல் வண்டிதான். எங்களுடையது பெட்ரோல். யாரும் சீண்டாமல் ஒரு கடையின் பின்பக்கம் கிடந்த பழைய டபுள் கேபின் வண்டியை அப்பா ஆசைப்பட்டு வாங்கினார். தினமும் காலையில் தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழையிலை ஏற்றி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் இறக்குவது அவர் தொழில். என் ஆபீசும் பிரிக்பீல்ட்ஸில்தான் என்பதால் நானும் இலைக் கட்டுகளோடு ஒரு கட்டாகப் போய் இறங்குவேன். நான் உள்ளே நுழைந்தாலே இலை வாசனையில் பத்து மணிக்கெல்லாம் பசிக்க ஆரம்பித்துவிடுகிறது என்று என் மேல் ஆபீசில் ஒரு புகார் உண்டு.

அந்த வண்டிக்கு எங்கள் வீட்டில் ஒரு தனி மரியாதை இருந்தது. அதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

அப்பா குடித்துக்கொண்டிருந்தவர். மூன்று முறை என் தலையில் அடித்து, இனிமேல் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். ஒன்றுகூட ஒரு மாதம் தாங்கவில்லை. பொய்ச் சத்தியம் செய்தால், யார் தலையில் அடித்துச் செய்தாரோ அவருக்கு ஆகாது என்பார்கள். எனக்கு ஒரு நகச்சுத்திகூட வரவில்லை. நாலாவது முறை, இந்தப் பிக்கப்பை வாங்கி முனீஸ்வரன் கோயிலில் பூசை போட்டபோது, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கி முடிந்ததும், பானெட்டில் கை வைத்து, "இந்த வண்டி மேல சத்தியம், இனி தொட மாட்டேன்" என்றார். நாலு வருஷம் ஆகிறது. தொடவில்லை.

பெற்ற மகளின் தலைக்கு இல்லாத மதிப்பு ஒரு ஓட்டை வண்டியின் பானெட்டுக்கு இருப்பது எனக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் வீட்டில் முதலில் பதறுகிறவள் நான்தான்.

சிக்கலை இழுத்துவிட்டவளும் நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதது என் பிறவிக் குணம்.

பக்கத்து வீட்டு ஆன்டி தாய்லாந்தில் கிராபிக்குப் போய் வந்து, கடலும் பாறையுமாக அம்மாவுக்கு நாற்பது படம் அனுப்பினார். எதையுமே கேட்டறியாத அம்மா, "நாமளும் ஒரு தடவ போலாமாங்க?" என்று கேட்டாள். அப்பா உடனே சரி என்றார். இன்னொருத்தர் ஓட்டுகிற பஸ்ஸில் ஏற அவருக்கு நம்பிக்கை கிடையாது. அதனால் பிக்கப்பிலேயே போவது என்று முடிவாயிற்று. நாலு நாளைக்கு இலை இறக்க வேறு ஆளுக்கும் சொல்லியாயிற்று. அன்று ராத்திரி சாப்பிடும்போது நான் போனைப் பார்த்துக்கொண்டே என் அறிவைக் காட்டினேன்.

"அப்பா, அங்கெல்லாம் பெட்ரோல்ல எத்தனால் கலக்குறாங்களாம். நம்ம வண்டிக்கு ஒத்துக்குமான்னு கேட்டுக்குங்க."

"எத்தனால்னா?"

"கரும்புக் கழிவு, மரவள்ளிக் கிழங்கு, இதையெல்லாம் புளிக்க வெச்சு காய்ச்சி எடுக்கிறது."

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். "புளிக்க வெச்சா? காய்ச்சியா?"

"ஆமா."

"அடியே, அது சம்சுச் சாராயம்!"

அம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

மறுநாளே காப்பார் சாலையில் இருக்கும் எங்கள் மெக்கானிக்கிடம் போனோம். அவர் வண்டிக்கு அடியில் படுத்தபடியே பொறுமையாகச் சொன்னார். "பத்துல ஒரு பங்கு கலந்ததுன்னா ஒண்ணும் ஆகாதுண்ணே. இருபது, எண்பத்தஞ்சுன்னு போட்டிருக்கிற பம்புக்கு மட்டும் கிட்டப் போயிடாதீங்க. உங்க வண்டி ரப்பர் ஹோஸெல்லாம் பழசு, அரிச்சிரும். ஊத்திட்டு மாசக்கணக்குல நிறுத்தியும் வெக்காதீங்க, ஈரத்தை இழுக்கும்."

"நான் ஹோஸைக் கேக்கல தம்பி. ஊத்துனா வண்டி குடிச்சதா ஆகுமா, ஆகாதா?"

மெக்கானிக் வண்டிக்கு அடியிலிருந்து தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தார். நான் ஸ்பேனர்களைப் பார்த்தேன். "அது சாமிகிட்ட கேக்க வேண்டியதுண்ணே. நான் இஞ்சின் வரைக்கும்தான் லா" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டார்.

அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை செந்தூலிலிருந்து சித்தப்பா வந்தார். அப்பாவின் தம்பி. அப்பாவோடு சேர்ந்து குடித்தவர், அப்பா விட்ட பிறகும் விடாதவர், நாலு வருஷமாகப் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் தவித்தவர். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை அப்பாவின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். சட்டம் படிக்க வேண்டிய மனுஷன் அவர்.

"அண்ணே, சத்தியம் எது மேல? வண்டி மேல. வண்டியே போட்டுக்கிச்சுன்னா அப்புறம் சத்தியம் எங்க நிக்கும்? முடிஞ்சு போச்சுலா. இல்லாத சத்தியத்துக்கு நீங்க எதுக்குக் காஞ்சு கெடக்கணும்? முனியாண்டி கோச்சுக்குவாரா? அவருக்கே போத்தல் வெச்சுத்தான் படைக்கிறாங்க."

இப்படி ஏதாவது பேசினால் அப்பா வழக்கமாகச் செருப்பைத் தேடுவார். அன்று தேடவில்லை. காப்பியை மெதுவாகக் குடித்துவிட்டு, "ம்" என்றார்.

அவருக்குக் கவலை வண்டியைப் பற்றியது அல்ல என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு வருஷமாகப் பூட்டிக் கிடந்த கதவுக்கு நானே சாவியைத் தேடி எடுத்து, சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன். பழைய நாட்கள் திரும்பி வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டிருந்தது.

நான் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். பஸ்ஸில் போகலாம் என்றேன். போனில் வருவதெல்லாம் பொய் என்றேன். ஒன்றும் எடுபடவில்லை. காலையில் பிரிக்பீல்ட்ஸுக்குப் போகும் வழியெல்லாம் அப்பா வழக்காட ஆரம்பித்தார். "எரிஞ்சுதானேம்மா போவுது? குடிக்கிறதுன்னா உள்ள தங்கணும்ல?" என்பார் ஒருநாள். அடுத்த நாள் அவரே, "நான் குடிச்சது மட்டும் உள்ளயா தங்குச்சு?" என்று தனக்கு எதிராக வாதாடுவார். கடைசியில், கிராபிக்குக் கிளம்புகிற அன்று வீட்டில் நான் பொறுக்க முடியாமல், "வேணும்னா திரும்ப என் தலையிலயே அடிச்சு சத்தியம் பண்ணுங்கப்பா" என்றேன்.

"அது வேணாம்" என்றாள் அம்மா. "அது செல்லாத தலை."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "வண்டி எதையாவது குடிச்சிட்டுப் போவட்டும். எனக்குக் கிராபி பாக்கணும்" என்று புளிச்சோறு கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

எல்லைக்கு முன்னால் நம் நாட்டின் கடைசி பெட்ரோல் ஸ்டேஷனில் அப்பா கழுத்து வரை எண்ணெய் அடித்தார். அது கிராபி வரை தாங்கியது. அம்மா முழங்கால் வரை கடலில் இறங்கி நின்றாள், நானும் நாற்பது படம் எடுத்தேன். திரும்பி வரும்போது, எல்லைக்கு ஒரு மணி நேரம் இருக்கையில், பெட்ரோல் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. கலப்படம் இல்லாத பெட்ரோல் தேடி இரண்டு ஸ்டேஷன் ஏறி இறங்கினோம். இல்லை. மூன்றாவதில் பத்தில் ஒரு பங்கு கலந்தது இருந்தது.

"நீயே பாத்துக்க" என்று சொல்லிவிட்டு அப்பா தூரத்தில் கழிவறை வாசலுக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அம்மா மாங்காய் வாங்கப் போய்விட்டாள். எல்லை தாண்டும் அளவுக்குக் கொஞ்சம் போதும் என்று சொல்ல எனக்குத் தாய்லாந்து பாஷை தெரியாது. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துக் காட்டினேன். பம்புக்காரப் பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு டேங்க்கை நிரப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு கிள்ளானில் எங்கள் வீடு வரும் வரை எங்கும் எண்ணெய் அடிக்கத் தேவையே வரவில்லை. வழியில் சித்தப்பாவிடமிருந்து மூன்று முறை போன் வந்தது.

மறுநாள் காலை இலை எடுக்கக் கிளம்பினோம். வழக்கமாகச் சாவியை மூன்று முறை திருப்பி, இரண்டு முறை திட்டினால்தான் அந்த வண்டி கண்ணைத் திறக்கும். அன்று முதல் திருப்பிலேயே உயிர் வந்துவிட்டது. அப்பா ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்த்தார். மறுபடி மிதித்தார். வெகு நாளாக நான் பார்க்காத ஒரு சிரிப்பு அவர் முகத்தில் வந்தது. கேட்டைத் திறந்துவிட வந்த அம்மாவிடம் கண்ணாடியை இறக்கிச் சொன்னார்.

"சும்மா சொல்லக் கூடாது. இத்தனை வருஷத்துல இப்பிடி ஓடி நான் பாத்ததே இல்ல. கொஞ்சம் உள்ள போனதும் எப்பிடிக் கெளம்புது பாரேன்! என் தம்பி சொன்னதுலயும் ஒரு இது இருக்கத்தான் செய்யுது."

அம்மா கேட்டைப் பிடித்தபடி வண்டியைப் பார்த்தாள்.

"ஆமாங்க, நல்லாத்தான் ஓடுது" என்றாள். "நீங்களும் ஆரம்பத்துல நல்லாத்தான் ஓடுனீங்க."

அதில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அப்பா எஞ்சினை அணைத்தார். பிறகு மெக்கானிக்குக்குப் போன் போட்டு, "தம்பி, டேங்க்கை காலி பண்ணணும். இன்னைக்கே. சுத்தமா" என்றார். அடுத்த போன் பிரிக்பீல்ட்ஸிலிருந்து, இலை எங்கே என்று. "வண்டிக்கு ஒடம்பு சரியில்ல பாஸ். நாளைக்குச் சரியாயிடும்" என்றார் அப்பா. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய், அம்மாவோடு சேர்ந்து கேட்டைச் சாத்தினேன்.