செல்வி அக்கா படித்த பலகை

பெங்களூரு ஈஜிபுராவுக்குக் குடிவந்த புதிதில், ஆசைப்பட்டு விலை குறைந்த ஒரு லேசர் மெஷின் வாங்கினேன். மரத்தில் எழுத்துப் பொறிக்கும் சின்ன மெஷின் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ப்ளைவுட் துண்டு ஒன்றில் பெரிய எழுத்தாக 'வீடு' என்று பொறித்துப் பார்த்தேன்.

கருகல் வாசனை கீழ் வீட்டுக்குப் போய்விட்டது. செல்வி அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு ஏதோ காய்ச்சலில் இரண்டு கண்ணிலும் பார்வை போனவர்.

"என்னப்பா, அடுப்புல எதையாச்சும் வெச்சிட்டு மறந்துட்டியா?"

"இல்லக்கா, இதுதான்" என்று பலகையை அவர் கையில் கொடுத்தேன். எழுத்து ஆழமாகவே விழுந்திருந்தது. மேலே தடவிய விரல் சட்டென்று நின்றது. பிறகு பள்ளத்தின் வழியே மெல்ல நகர்ந்தது.

"வ... மேல சுழிச்சிருக்கு. வீ... டு." அக்கா மறுபடியும் முதலிலிருந்து தடவினார். "வீடு! நான் படிச்சிட்டேன்பா!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"அ, ஆ எல்லாத்தையும் இப்பிடியே பண்ணித் தருவியா?" என்று கேட்டார். "எம் பொண்ணுக்கு ஸ்கூல்ல கன்னடமும் இங்கிலீஷும்தான். தமிழ நான் சொல்லிக் குடுப்பேன்."

அன்றைக்கே 'அ' பொறித்துக் கொடுத்தேன். இப்போது சாயங்காலங்களில் அம்மாவும் பெண்ணும் ஒரே பள்ளத்தில் விரல் வைத்து, சத்தம் போட்டுப் படிக்கிறார்கள். நான் பிறந்ததிலிருந்து பார்த்து வரும் எழுத்துகள்தான். ஆனால் மெஷின் ஒவ்வொன்றாகப் பொறிக்கும்போது, முதல்முறை பார்ப்பவனைப் போல வியந்து நிற்கிறேன்.