தரையிலிருந்து ஒரு சாண்

ஸ்பானர் அக்கா என்றால் அந்தச் சிமெண்ட் ஆலையில் தெரியாதவர் கிடையாது. ஃபிட்டர். இருபத்திரண்டு வருடம் சூளைப் பக்கம் தூசி தின்றவள். புகைபோக்கிக்குப் போகிற கரியமில வாயுவைப் பிடித்து, அழுத்தி, குழாய் வழியாகப் பூமிக்கடியில் இறக்கும் பிரிவு வந்தபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று கேலி செய்தவர்களோடு மல்லுக்கு நின்றாள்.

“சுண்ணாம்புக்கல்லச் சுட்டா கல்லுக்குள்ள இருந்தே வாயு வருது. நிலக்கரிய விட்டுட்டு வேற எதப் போட்டு எரிச்சாலும் அது வரத்தான் செய்யும். பிடிக்காம வேற என்ன பண்ணுவ?” என்பாள்.

குறைகளும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆலையின் நீராவியிலும் மின்சாரத்திலும் பெரும்பங்கை அந்தப் பிரிவு விழுங்கியது. “அதான் பிடிக்கிறோமே” என்று சொல்லியே, மூட வேண்டிய பழைய சூளையை நிர்வாகம் இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தது. புதைத்ததை எத்தனை தலைமுறை காவல் காப்பது என்று யாருக்கும் தெரியாது. அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பொறுக்க முடியாமல் போனது தம்பியின் தலைவலி.

உடன்பிறந்த தம்பி. வாயுவை அழுத்தும் கம்ப்ரசருக்குக் கீழே பள்ளத்தில் எண்ணெய் போடுகிறவன். முதுகுவலிக்காரன், சாப்பாட்டு நேரத்தில் அங்கேயே அட்டையை விரித்துப் படுப்பான். ஒரு மாதமாக, எழுந்தால் தலை வெடிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றான். ஒருநாள் உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது.

பள்ளத்துச் சுவரில் வாயு அளக்கும் பெட்டி பச்சை விளக்கோடு சமர்த்தாக இருந்தது. எங்கே? ஆள் உயரத்துக்கும் மேலே, கூரையை ஒட்டி. மாட்டிய ஆட்கள் காலமெல்லாம் இயற்கை எரிவாயு நிலையங்களில் வேலை பார்த்தவர்கள். அந்த வாயு காற்றைவிட லேசு, மேலே ஏறும். கரியமில வாயு கனம். தண்ணீரைப் போலப் பள்ளம் பார்த்து இறங்கும். கைப்பழக்கத்தில் மேலே மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். படித்தவர்கள் பத்துப் பேர் அதற்குக் கையெழுத்தும் போட்டிருந்தார்கள்.

மேலாளரிடம் போனாள்.

“சார், பெட்டிய கீழ இறக்கணும். தம்பி இருக்கிற இடத்துல வாயு தேங்குது.”

“ரீடிங் எல்லாம் சரியா இருக்கேம்மா.”

“கூரைக்குச் சரியா இருக்கு சார்.”

“அவர யாரு அங்க படுக்கச் சொன்னா? அடுத்த மாசம் தணிக்கை இருக்கு. அது முடியட்டும், பார்க்கலாம்.”

செவிடன் காதில் ஊதிய சங்கு. இனிமேல் அங்கே படுக்காதே என்று தம்பியை அதட்டினாள். “எண்ணெய் போடக் குனிஞ்சுதானக்கா ஆகணும்” என்றான் அவன். வானத்தைக் காப்பாற்றக் கோடி கோடியாகக் கொட்டுகிறார்கள். தரையில் குனிகிற ஒருத்தனின் மூச்சு இவர்கள் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை ஏணி போட்டுப் பெட்டியைக் கழற்றினாள். வயர் மீதமிருந்தது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்துத் திருகினாள். ஸ்பானரைப் பைக்குள் போடுவதற்குள் பெட்டி அலறியது. சிவப்பு விளக்கு. பெட்டியோடு இணைத்திருந்த கம்ப்ரசர் தானாக நின்றது. அங்கே எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த தம்பியை இழுத்துக்கொண்டு மேலே ஏறினாள். பிடிக்க வேண்டிய வாயு மொத்தமும் புகைபோக்கி வழியே போய்க்கொண்டிருந்தது. பாடுபட்ட பிழைப்பு காற்றில் போவதை அவளும் அண்ணாந்து பார்த்தாள்.

மேலாளர் ஓடிவந்தார். “யாரக் கேட்டு இடத்த மாத்தின? எத்தன டன் வீணாப் போகுது தெரியுமா?”

“இவன் படுக்கிற இடத்துல அஞ்சு நிமிஷம் படுத்துட்டு வாங்க சார். அப்புறம் பேசலாம்.”

அவர் பள்ளத்து ஏணியில் ஒரு காலை வைத்தார். கீழே சிவப்பு விளக்கைப் பார்த்தார். காலை எடுத்துக்கொண்டார்.

கம்ப்ரசர் தண்டைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் சீல் தேய்ந்து, வாயு கசிந்திருக்கிறது. மாற்றுவதற்கு அரை நாள்கூட ஆகவில்லை. அனுமதியில்லாமல் கருவியை இடம் மாற்றியதற்காக ஸ்பானர் அக்காவுக்கு மெமோ வந்தது. பெட்டியைத் திரும்ப மேலே மாட்டச் சொல்லி மட்டும் இன்றுவரை ஒருவரும் எழுதித் தரவில்லை.