தவநாயகி துப்புரவாக்கிய புல்வெளி

லண்டன் ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் பழுப்பு நிறக் கடித உறை வந்தாலும், அது கடைசியில் தவநாயகியின் குசினி மேசைக்கு வந்து சேரும். பெனிபிட் படிவம், பள்ளிக்கூட இடத்துக்கான படிவம், கவுன்சில் வீட்டுப் படிவம், விசாப் படிவம் எல்லாம் அவள் கைபட்டே போகும். யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளிடம் இரண்டு மொழியும் படித்தவள். எழுத்து அச்சடித்தது போல இருக்கும். ஆனால் எழுதி முடித்த பிறகு படுகிற பாடு அவளுக்குத்தான் தெரியும். உறையை ஒட்டுவாள், ஒட்டியதைப் பிரிப்பாள், தேதியைப் பார்ப்பாள், திரும்ப ஒட்டுவாள். தபால்பெட்டியில் போட்டுவிட்டு நாலடி நடந்தவள், உறை உள்ளே விழாமல் வாயில் சிக்கியிருக்குமோ என்று திரும்பிப் போய் விரலை விட்டுத் தடவுவாள்.

அதற்குக் காரணம் இருந்தது. எண்பத்தைந்தில் அகதியாக வந்திறங்கியபோது விமான நிலையத்தில் ஒரு அதிகாரி, வழியில் எங்கே எங்கே தங்கினாய் என்று கேட்டார். அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அங்கேயே ஏன் தஞ்சம் கேட்கவில்லை என்று, அந்த ஒரு பதிலுக்காக அவளுடைய கோப்பு வருசக் கணக்கில் இழுபட்டது. அன்றிலிருந்து அரசாங்கக் கடதாசி என்றால் ஒவ்வொரு வரியையும் மூன்று தரம் வாசிப்பாள்.

அப்படிப்பட்டவள்தான் தொண்ணூற்று மூன்றில் ஒரு வெள்ளைக்காரக் கிழவியின் புல்வெளிக்குப் படிவம் நிரப்பப் போனாள்.

கிழவியின் பெயர் பியற்றிஸ். ஹரோவுக்கு வடக்கே, வீடுகள் முடிந்து வேலிகள் தொடங்குகிற இடத்தில் தனியாக இருந்தாள். எட்டு மாடு, ஒரு நொண்டி நாய், ஒரு புல்வெளி. இரண்டு கண்ணிலும் வெண்புரை. கவுன்சில் அனுப்பிய ஹோம் ஹெல்ப்பாக தவநாயகி வாரத்தில் மூன்று காலை அங்கே போய்ச் சமைத்து, கூட்டி, கடிதங்களை வாசித்துக் காட்டிவிட்டு வருவாள். அப்படி வாசித்த கடிதங்களில் ஒன்றுதான் அந்தத் திட்டம் பற்றியது. பழைய வைக்கோல் புல்வெளியை உழாமல், உரம் போடாமல், கோடை நடுப்பகுதிக்கு முன் வெட்டாமல் வைத்திருந்தால் அரசாங்கம் பத்து வருசத்துக்கு ஆண்டுதோறும் பணம் தரும்.

"இத்தனை காலமும் நான் சும்மா செய்ததற்கா காசு தருகிறார்கள்? பைத்தியக்காரர்கள்," என்றாள் பியற்றிஸ். "குப்பையில் போடு, தவா."

தவநாயகி போடவில்லை. காரணம், பியற்றிஸின் மருமகன். தங்கை மகன். புல்வெளியில் பாதி அவன் பங்கு. அதைக் கோல்ப் பந்து அடித்துப் பழகுகிற இடமாக்கக் கேட்டு ஒரு ஆள் அவனிடம் வந்து போய்க்கொண்டிருந்தான். புல்வெளி போனால் மாட்டுக்கு வைக்கோல் இல்லை. மாடு போனால் பியற்றிஸுக்குக் கடற்கரை ஊர் ஒன்றில் முதியோர் இல்லம். அவன் அதையும் பார்த்து வைத்துவிட்டான். தவநாயகிதான் தொலைபேசியில் அவனோடு பேசி, இந்தத் திட்டம் கிடைத்தால் புல்வெளியைத் தொட மாட்டேன் என்ற சொல்லை வாங்கினாள்.

"கிடைக்காவிட்டால்?" என்று பியற்றிஸ் கேட்டாள்.

"கிடைக்கும்," என்றாள் தவநாயகி. சொன்ன பிறகு அன்றிரவு அவளுக்கு நித்திரை இல்லை.

படிவம் தடித்தது. வரைபடத்தில் வயலைச் சிவப்பு மையால் சுற்ற வேண்டும். கடைசியாக உழுதது எப்போது? யுத்தக் காலத்தில் கீழ்ப்பாதியை உருளைக்கிழங்குக்காக உழச் சொன்னார்கள், உழுதோம் என்றாள் பியற்றிஸ். மேல்பாதி, வாசல் கேற்றிலிருந்து ஓக் மரம் வரைக்கும் உள்ள துண்டு, அவளுடைய அப்பாவின் அப்பா காலத்திலும் உழவில்லை. லண்டன் குதிரைகளுக்கு வண்டி வண்டியாக வைக்கோல் போன துண்டு அது. தவநாயகி அதையெல்லாம் எழுதினாள். "மேல்துண்டை நம்பித்தான் உன் விண்ணப்பமே நிற்கிறது," என்று பியற்றிஸ் சொன்னது அவள் மனதில் ஆணி போல இறங்கியது. முட்செடி முதலான தீங்கான களைகளைக் கட்டுப்படுத்துவேன் என்ற வரிக்குக் கீழே பியற்றிஸின் கையைப் பிடித்து ஒப்பம் வைக்கச் செய்தாள்.

ஜூன் மாதம் பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை ஒரு அதிகாரி வயல் பார்க்க வருவார். அந்த வாரம் பார்த்துத்தான் பியற்றிஸுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு கண்ணில் ஒப்பரேஷன். சனிக்கிழமை போனவள் திங்கள்தான் திரும்புவாள்.

சனிக்கிழமை நாய்க்குச் சாப்பாடு வைக்கப் போன தவநாயகி கேற்றடியில் நின்று மேல்துண்டைப் பார்த்தாள். புல்லுக்குள் புல்லைவிட மற்றதுதான் கூட. மஞ்சளும் வெள்ளையும் ஊதாவுமாகக் கண்ட கண்ட பூண்டு. ஒரு மஞ்சள் பூண்டு காய்த்துக் காய்ந்து, காற்றுக்குக் கிலுகிலு என்று சத்தம் வேறு போட்டது. பிடுங்கிப் பார்த்தாள். அதன் வேர் புல்லின் வேரை உறிஞ்சிக்கொண்டு ஒட்டியிருந்தது. அதைச் சுற்றிப் புல் சோகை பிடித்துக் குட்டையாக நின்றது.

புல்லுக்குக் காசு கேட்டிருக்கிறோம். வருகிறவர் இதையா பார்க்கப் போகிறார்?

அவள் வீட்டுக்கு வந்து லூயிஷாமில் இருக்கிற தமையன் கணேசலிங்கத்துக்குப் போன் அடித்தாள்.

"அண்ணை, செவ்வாய்க்கிழமை கவண்மேந்து ஆள் வயல் பாக்க வருது. வயல் கிடக்கிற கிடையைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது."

"எத்தினை பரப்பு?"

"துப்புரவாக்க வேண்டிய துண்டு ஒரு பத்துப் பன்னிரண்டு பரப்பு, முக்கால் ஏக்கர் வரும்."

"இதுக்கே அழுறாய்? நாளைக்குக் கோயில் துப்புரவுச் சிரமதானத்துக்கு ஆக்கள் வருகினம். வானைத் திருப்பிக்கொண்டு வாறன். நீ சோத்துக்கு அடுக்குப் பண்ணு."

ஞாயிறு காலை இரண்டு வான் வந்து நின்றது. மோர்டனிலிருந்து, கோயில் வேலைகளுக்கு ஆள் சேர்க்கிற சிவகௌரியும் தன் பங்குக்கு ஆட்களை ஏற்றி வந்திருந்தாள். வாய் ஓயாத மனுசி. யாழ்ப்பாணத்து மிளகாய்த் தோட்டத்தில் நிரை பிடிக்கிற மாதிரியே பெண்கள் நிரை பிடித்துக் குந்தினார்கள். பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடிந்து கண் சிவந்து வந்த தவநாயகியின் கணவன் பரமேஸ்வரன் கேற்றில் சாய்ந்துகொண்டான்.

"இஞ்சை பாரும், அந்தக் கிழவியிட்டைக் கேட்டனீரோ?"

"ஆஸ்பத்திரியிலை கிடக்கிற மனுசியிட்டை என்னத்தைக் கேக்கிறது? வந்து பாத்துச் சந்தோசப்படட்டும்."

"கேக்காமல் அடுத்தவன்ரை வேலியிலை ஒரு கதியால் தடிகூடப் பிடுங்கமாட்டம் நாங்கள்."

"நீங்கள் போய்ப் படுங்கோ. நிண்டு அபசகுனம் கதைக்காதேங்கோ."

"படுக்கத்தான் விடுறீரோ?" என்று அவனும் குந்தினான்.

புல்லை விட்டு மற்ற எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கினார்கள். சிவகௌரி பிடுங்கியதைக் கறுப்புப் பைகளில் கட்டி எறியப் பார்த்தாள். கணேசலிங்கம் விடவில்லை.

"உனக்கென்ன விசரே? பச்சைப் பசளையைக் கொண்டுபோய்க் குப்பையிலை கொட்டுறதோ? வேலியோரம் குவி. கிழவி மண்ணுக்குள்ளை புதைக்கட்டும், நல்லது."

"ஓம் ஓம், லண்டனுக்கு வந்தும் உங்கடை பசளை ஆசை போகேல்லை," என்றாள் சிவகௌரி. ஆனாலும் குவித்தாள். குவியல் ஆள் உயரத்துக்கு வந்தது. பின்னேரம் மழை பிடித்துக்கொண்டதால் ஓக் மரத்தடியில் ஒரு மூலை மட்டும் மிஞ்சிப் போயிற்று. மற்றதெல்லாம் வழித்துத் துடைத்த மாதிரிக் கிடந்தது. அன்றைக்குத்தான் தவநாயகி பல நாளுக்குப் பிறகு நிம்மதியாகப் படுத்தாள். நடுச்சாமத்தில் அந்த மூலை ஞாபகம் வந்து எழும்பிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை வந்த அதிகாரி ஒரு இளம்பெண். மெற்றில்டா என்று பெயர் சொன்னாள். முழங்கால் வரை சப்பாத்து, கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடி. ஒரு கண்ணில் கட்டோடு பியற்றிஸ் தடியை ஊன்றி நின்றாள். தவநாயகி சேலைக்கு மேல் நல்ல கோட்டைப் போட்டிருந்தாள். கேற்றைத் திறந்து, மாப்பிள்ளை வீட்டாருக்கு வீடு காட்டுகிறவள் மாதிரி முன்னால் நடந்தாள்.

மெற்றில்டா வயலுக்குள் இறங்கினாள். குனிந்தாள், நிமிர்ந்தாள், கையிலிருந்த தாளில் எதையோ கோடு போட்டு வெட்டினாள். நேரே ஓக் மரத்தை நோக்கி நடந்தாள். தவநாயகி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"அந்தப் பக்கம் வேண்டாம், மிஸ். மழை வந்ததால் அங்கே சுத்தம் செய்ய முடியவில்லை."

மெற்றில்டா அவளைச் சுற்றிக்கொண்டு போய் அந்த மூலையில் முழங்காலில் விழுந்தாள். கண்ணாடியைக் கண்ணில் வைத்தாள். "அடடா!" என்றாள். ஒவ்வொரு பூண்டாகத் தொட்டுப் பெயர் சொன்னாள். கிலுகிலுத்த மஞ்சள் பூண்டைக் கண்டதும் குழந்தைப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். அந்தப் பூண்டு புல்லை அடக்கி வைப்பதால்தான் மற்றப் பூக்கள் தலை தூக்குகின்றன என்றும், இந்தப் பக்கத்தில் அதைக் காண்பதே அரிது என்றும், இதற்காகத்தான் திட்டமே என்றும் சொன்னாள். பிறகு திரும்பி வழித்துத் துடைத்த துண்டைப் பார்த்தாள்.

"இது முழுக்க இப்படியா இருந்தது? எப்போதுவரை?"

பியற்றிஸ் மூக்கை உறிஞ்சினாள்.

"கிளறின மண் மணக்கிறது," என்றாள். "வந்ததிலிருந்து மணக்கிறது. பன்றி ஏதோ கிண்டியிருக்கிறது என்று நினைத்தேன். தவா, என்ன செய்தாய்?"

தவநாயகி சொன்னாள். இரண்டு வான், நிரை, எல்லாம். சொல்லச் சொல்லக் குரல் கீழே போய்க்கொண்டிருந்தது. பியற்றிஸின் கட்டில்லாத மங்கல் கண் அவள் குரலின் பக்கமே திரும்பியிருந்தது.

"இருபது பேரா?"

"கூட இருக்கும்."

"என் மருமகனுக்குக்கூட இந்த யோசனை வரவில்லையே," என்றாள் பியற்றிஸ். அதில் பகிடி பாதிதான். தடியால் கிளறின மண்ணைக் குத்திப் பார்த்தாள். பிறகு, "பிடுங்கினதை என்ன செய்தாய்? எரித்தாயா?" என்று கேட்டாள்.

"எரிக்கவில்லை. வேலியோரம் குவித்திருக்கிறது. பசளைக்கு."

மெற்றில்டா அதற்குள் நடந்துவிட்டாள். குவியலை இரண்டு கையாலும் பிரித்து உதறினாள். விதை உதிர்ந்து கொட்டியது. தாளில் ஒன்றன் பின் ஒன்றாகக் குறித்துக்கொண்டே போனாள். பக்கம் திருப்பினாள். அரை நாள் அங்கேயே குந்தியிருந்தாள். தவநாயகி தேத்தண்ணி கொண்டு வந்தாள், எடுத்துக்கொண்டு போனாள், திரும்பக் கொண்டு வந்தாள்.

"சூடேறி அவிய முன் இதைத் திரும்பப் பரப்புங்கள். இன்றைக்கே," என்றாள் மெற்றில்டா கடைசியில். "விதை முற்றியிருக்கிறது. கிளறின மண் அதற்கு நல்லதுதான். முளைக்குமா என்று நான் சொல்ல முடியாது. முடிவும் என் கையில் இல்லை. பார்த்ததை எழுதுவேன். நீங்களும் நடந்ததை ஒரு தாளில் எழுதி ஒப்பமிட்டு அனுப்புங்கள்."

அவள் போன பிறகு தவநாயகி பியற்றிஸின் குசினி மேசையில் வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு இருந்தாள். பேனா ஓடவில்லை. மாடு புகுந்து தின்றுவிட்டது என்று எழுதலாம். களை கட்டுப்படுத்துவது படிவத்திலேயே உள்ள நிபந்தனை, அதைத்தான் செய்தோம் என்று எழுதலாம். எழுதினால் யார் கண்டது? உள்ளதைச் சொல்லி ஒருமுறை பட்டது போதாதா?

"எழுதுகிற சத்தம் கேட்கவில்லையே," என்றாள் பியற்றிஸ் அடுப்படியிலிருந்து.

"பயமாக இருக்கிறது, மிஸ் பியற்றிஸ். உண்மையை எழுதினால் அதையே பிடித்துக்கொண்டு மறுப்பார்கள்."

"மறுக்கட்டும். அந்தப் பெட்டை முழங்காலில் இருந்து பொறுக்கினாளே, அவளையா பொய்க்காரி ஆக்கப் போகிறாய்?"

தவநாயகி எழுதினாள். இது என் பிழை, நிலத்துக்குச் சொந்தக்காரிக்குத் தெரியாமல் செய்தது, எங்கள் ஊரில் அரசாங்க ஆள் வருமுன் காணியைத் துப்புரவாக்குவது வழக்கம் என்று எழுதினாள். முதல் தடவையாக, ஒட்டிய உறையை அவள் பிரிக்கவில்லை. ஒட்டின கையோடு ஓடிப்போய்ப் போட்டுவிட்டாள்.

அன்று பின்னேரமே வான் வந்தது.

"பிடுங்கச் சொன்னதும் நீ, திரும்பக் கொட்டச் சொல்லுறதும் நீ," என்றார் கணேசலிங்கம். "பிள்ளை, நாளைக்கு நட்டு வைக்கவும் சொல்லுவியோ?"

"சொன்னாலும் சொல்லுவா," என்றான் பரமேஸ்வரன். "கடதாசிதானே அவவுக்குத் தெய்வம்."

"வாயை மூடிக்கொண்டு உதறுங்கோ."

குப்பையைக் குப்பை என்று பிடுங்கிய அதே கைகள் அதைக் கட்டுக் கட்டாகத் தோளில் சுமந்து, மண் தெரியாதபடி பரப்பின. வீதியால் போன ஒரு வெள்ளைக்காரன் காரை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனான்.

இலையுதிர் காலம் வரை பதில் இல்லை. மருமகன் இரண்டு தரம் போன் அடித்தான். மூன்றாம் தரம் கோல்ப்காரனையும் கூட்டிக்கொண்டே வந்து, வேலியோரம் அடி வைத்து அளந்தான். தவநாயகியின் உடம்பில் நாலு இறாத்தல் எடை குறைந்தது. ஒக்டோபரில் உறை வந்தபோது பியற்றிஸுக்கு மற்றக் கண்ணிலும் ஒப்பரேஷன் முடிந்து இரண்டு கண்ணும் தெரிந்தது. ஆனாலும் தவநாயகிதான் வாசிக்க வேண்டும் என்று நீட்டினாள்.

வயலை ஏற்றுக்கொண்டார்கள். ஒரு நிபந்தனை: இரண்டு வருசம் கழித்து மேல்துண்டைத் திரும்ப வந்து பார்ப்பார்கள், பூக்கள் மீளாவிட்டால் ஒப்பந்தம் முறியும். மருமகன் வாசித்துவிட்டு, "அப்போ இரண்டு வருசம் பொறுக்கிறேன்," என்று சொல்லிப் போனான்.

தொண்ணூற்று நாலு ஜூனில் தவநாயகி கேற்றடியில் நின்றாள். வெறுமையாகக் கிடந்த மண்ணில் புல்லுக்கு முன்பே அந்த மஞ்சள் பூண்டு வந்திருந்தது. திட்டுத் திட்டாகத்தான். ஊதாவைக் காணவில்லை. வெள்ளை அங்கொன்று இங்கொன்று. இது போதுமா, அடுத்த வருசத்துக்குள் மற்றதும் வருமா, மழை பிழைத்தால் என்ன செய்வது? அவள் குனிந்து, குந்தி, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். பழக்க தோசத்தில் வலது கை ஒரு செடியின் அடியைப் பிடித்துவிட்டது.

"தவா!" என்று கேற்றடியிலிருந்து பியற்றிஸ் கத்தினாள். "கையை எடு!"

எடுத்தாள். எடுத்த கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, மற்றக் கையையும் விட்டுக்கொண்டு, திரும்பவும் முதலாவது செடியிலிருந்து பார்க்கத் தொடங்கினாள்.