குண்டூசி குத்திய பக்கம்

பர்மாவில் எங்கள் ஊரான க்யிம்யிண்டைங் கோவிலில் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் தமிழில் வாசிப்பு உண்டு. முற்காலத்து ஆயர்களான மேற்றிராணிமார், அவர்களோடு தர்க்கம் பண்ணிய கிரேக்கப் பண்டிதர்கள், இவர்களின் கதை. உபதேசியார் தம் கையாலேயே எழுதிய கறுப்பு அட்டை நோட்டைப் பார்த்து வாசிப்பார். நாற்பது வருஷம் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள் நான். எந்தப் பண்டிதர் எதில் தோற்றார் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

போன மழைக்காலத்தில் உபதேசியார் இறந்துபோனார். சாமியார் சின்ன வயசுக்காரர், அவருக்குத் தமிழ் அரைகுறை. என்னைக் கூப்பிட்டு, "பாட்டி, வாசிக்க ஆள் இருந்தா தமிழ் இருக்கட்டும். இல்லேன்னா பர்மாப் பேச்சுலயே வாசிச்சுடலாம்" என்றார்.

"ஆள் இல்லாம என்ன? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்றேன்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். வரியை முடித்த பிறகுதான் அதன் பொருள் எனக்கே வந்து சேரும். ஆனால் அந்தக் கோவிலில் வேறு யாருக்கு அதுகூட வரும்? நான் தடுமாறினால் தமிழ் வாசிப்பு அத்தோடு சரி. நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு தாள்களைச் சேர்த்து ஒரு குண்டூசி குத்தியிருந்தது. துரு தாளைத் தின்கிறதே என்று அதைப் பிடுங்கி எறிந்தேன்.

வெள்ளிக்கிழமை பட்டுத் தமேன் கைலி உடுத்திக்கொண்டு போய் நின்றேன். ஐம்பது பேர் இருப்பார்கள். வாசித்தேன். கடலோரப் பட்டணம் ஒன்றில் ஒரு பெண், கிரேக்கர் வித்தையெல்லாம் கற்றவள், நட்சத்திரக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பெரிய பெரிய ஆண்கள் உட்கார்ந்து கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. குரலை உயர்த்தினேன். நம் வேதக்காரர் கூட்டம் ஒன்று அவளை வண்டியிலிருந்து இழுத்து, கோவிலுக்குள் கொண்டுபோய், ஓட்டுச் சில்லால் அவள் சதையைக் கிழித்துக் கொன்றது.

வரி முடிந்த பிறகுதான் புரிந்தது. நாற்பது வருஷத்தில் உபதேசியார் எங்களுக்கு இதை வாசித்ததே இல்லை. பீடத்துக்கு முன்னால் நின்று நான் வாசித்துவிட்டேன். யாராவது எழுந்து, வாயை மூடு என்று கத்துவார்கள் என்று தலைநிமிர்ந்து பார்த்தேன்.

எல்லோரும் பக்தியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே வரியை இன்னொரு தடவை, மெதுவாக, உரக்க வாசித்தேன்.

"ஆமென்" என்றார்கள்.

வெளியே கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி, அவளும் தமிழச்சிதான், என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா வாசிச்சீங்கக்கா. ஏட்டுத் தமிழ் நமக்கெங்க புரியுது. என்ன கதை அது?"

"ஒரு டீச்சர் கதை."

"பாவம், நல்லவங்களா?"

"நல்லவங்கதான்."

"கஞ்சி ஆறுது, வாங்க."

நான் சாமியாரிடம் போய் நோட்டை நீட்டினேன்.

"ஏன் பாட்டி? தப்பே விடலியே. அடுத்த வெள்ளியும் நீங்கதான்" என்றார்.

"பர்மாப் பேச்சுலயே வச்சுக்குங்க சாமி" என்றேன்.